மிச்சமிருக்கும் ஒரே பிரதி

சாவு வீட்டுக்குப் போனால் முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும். பொன்னுரங்கம் பார்த்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த தெய்வசிகாமணி, தூங்குகிறவனைப் போல இல்லை. யாரோ ஒரு விலையைச் சொல்ல, அதைக் காதில் வாங்கிக்கொண்டு பதில் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டவனைப் போல இருந்தான். மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, மகன் சுதாகரின் கையைப் பிடித்து, இரண்டு தரம் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மஸ்கட்டிலிருந்து மகள் வந்து சேர்ந்த பிறகுதான் எடுப்பார்களாம். விமானம் இறங்கிவிட்டது, வந்துகொண்டிருக்கிறாள் என்று பின்னால் யாரோ யாரிடமோ சொன்னார்கள். நல்லது, வரட்டும், அதுவரை உட்கார்ந்திருக்கலாம், உட்கார்ந்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, இந்த நினைப்பு மட்டும் இல்லாமல் இருந்தால். காலையில் போன் வந்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா தவறிட்டார் அங்கிள் என்றான் சுதாகர். அடடா என்றார். எப்பப்பா என்றார். அந்த அடடாவுக்கும் எப்பப்பாவுக்கும் நடுவில் இருந்த சின்ன சந்தில், தெய்வசிகாமணி சேர்த்த பழைய பேப்பரெல்லாம் இனி யார் கைக்குப் போகும் என்ற எண்ணம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நடுவில்தான் வந்தது. அடடாவுக்கு முன்னால் வரவில்லை. வரவில்லையா? வாயில் நுரை இருந்தது, துப்பிவிட்டுத்தான் அடடா சொன்னார், துப்புகிற நேரத்தில் மனசு சும்மாவா இருந்தது? பஸ்ஸில் வரும்போது இதையேதான் உருட்டிக்கொண்டு வந்தார். முதலில் துக்கம், பிறகு பேப்பர் என்றால் மனுஷன். முதலில் பேப்பர், பிறகு துக்கம் என்றால் அதற்கு என்ன பெயர்? யாரோ தேநீர்க் கோப்பையை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார். சூடு விரலைச் சுட்டது, அது நன்றாக இருந்தது.

இருபது வருஷத்துக்கும் மேல் பழக்கம். மண்ணடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய கடையில், ஹபீப் பாய் பழைய பேப்பர் விற்றார். எடைக்கு வாங்குகிற பழைய பேப்பர் இல்லை. யுத்தகாலத்துப் பேப்பர். நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது ஒட்டிய அறிவிப்புகள், இருட்டடிப்புக் காவலர்களின் அடையாளச் சீட்டு, மலேயாவில் சிறை பிடிபட்டவன் வீட்டுக்கு எழுதிய கார்டு, இறந்துபோனான் என்று பட்டாளத்திலிருந்து வந்த தந்தி. எங்கிருந்து வந்தது என்று பாய் சொல்ல மாட்டார். பொன்னுரங்கம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஆபீசில் எல்லோரும் செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கிக்கொண்டிருந்த காலம். அவர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். நிலத்தைப் புதுசா செய்ய முடியாதும்பான், ஏரியைத் தூர்த்து எத்தனை செஞ்சிட்டான் பாரு, நாப்பத்திரண்டாம் வருஷத்துப் பேப்பரை எவன் செய்வான்? இதை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததாகத்தான் நினைத்திருந்தார். பாய் சொல்லிக் கொடுத்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நெல்லு விதைச்சா கூடும், இது குறையக் குறையத்தான் கூடும் சார் என்பார் பாய். அரிதுன்னா என்ன அர்த்தம்? மத்ததெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அதைக் கேட்டபோது உடம்பில் ஒரு குளிர்ச்சி ஓடியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடையில்தான் தெய்வசிகாமணி. பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு செய்து தரும் தொழில். ஒரு தந்தியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையில் பிடித்தார்கள். நான்தான் முதல்ல பாத்தேன் என்றார் பொன்னுரங்கம். நான்தான் முதல்ல தொட்டேன் என்றான் அவன். பாய் இருவரையும் பார்த்துவிட்டு டீ சொன்னார். அன்றைக்கு அந்தத் தந்தி, காலையில் இருந்த விலையைப் போல மூன்று மடங்குக்கு அவனிடம் போனது. வெளியே வந்து இருவரும் ஒன்றாகவே ஹார்பர் வரைக்கும் நடந்தார்கள். யாரோ ஒருத்தி அந்தத் தந்தியைப் பிரித்து மார்பில் அடித்துக்கொண்டிருப்பாள் என்று இருவரில் ஒருவர்கூட நினைக்கவில்லை. நினைத்தானோ என்னவோ அவன். அவன் பேப்பரை எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பான். பொன்னுரங்கம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

சங்கு ஊதினார்கள். மகள் வந்துவிட்டாளோ என்று எல்லோரும் தெருவைப் பார்த்தார்கள், இல்லை, யாரோ சம்பந்தி வீட்டார் மாலையோடு வந்தார்கள். பொன்னுரங்கம் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார். மனைவி வேதவல்லியால் இப்படி மடக்க முடியாது. மூன்றாவது மாடி, லிப்ட் இல்லாத வீடு, அவள் படியில் பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்குவாள், ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியோடு ஏதோ பேசுவது போல உதடு அசையும். இரண்டு முட்டியையும் மாற்றிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அந்த நோட்டீஸுக்கு விலை வரட்டும் என்று அவர் சொல்லுவார். அவள் சரிங்க என்பாள். அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்த கூடுவாஞ்சேரி மனையை விற்றுத்தான் அந்த நோட்டீஸை வாங்கினார். கையெழுத்துப் போட ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தபோது அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஏதோ விசேஷத்துக்குப் போவது போல. இப்போது ரயிலில் அந்தப் பக்கம் போனால் மனை இருந்த இடத்தில் அடுக்குமாடி தெரிகிறது. அந்த ஸ்டேஷன் வரும்போது அவர் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொள்வார். நோட்டீஸ் என்றால் ஒரே ஒரு தாள். நாற்பத்திரண்டு பிப்ரவரியில் ரங்கூனில் ஒரு தமிழ் அச்சகத்தில் அடித்தது. கப்பல் கிடைக்காமல் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடக்கப் புறப்பட்ட கூலி சனத்துக்கு ஏதோ ஒரு சங்கத்தார் கொடுத்தது. நடந்து போகிறவர்களுக்கு என்று தலைப்பு. தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. அரிசி, உப்பு, தீப்பெட்டி தவிர வேறு சுமை வேண்டியதில்லை. குழந்தைகளை இடுப்பில் துணியால் கட்டிக்கொள்ளவும். இருட்டுவதற்குமுன் தங்கிவிடவும். விழுந்தவர்களுக்காக நின்றுவிட வேண்டாம். ஆயிரக்கணக்கில் அடித்திருப்பார்கள் என்று பாய் சொன்னார். கையில் வைத்துக்கொண்டே நடந்தார்கள், மழையில் நனைந்தது, அடுப்புப் பற்றவைத்தார்கள், காலராவில் விழுந்தவன் மடியிலேயே மக்கிப்போனது. மிச்சம் இது ஒண்ணுதான் சார். உலகத்துலயே ஒண்ணு. பொன்னுரங்கம் ஒரு விலை சொன்னார். தெய்வசிகாமணி அதற்கு மேல் சொன்னான். இவர் மேலே போனார். அவனும் போனான். பாய் கண்ணை மூடிக்கொண்டு தஸ்பீ ஜெபமணியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு இவர் அந்த மனையின் விலையைச் சொன்னார், சொல்லும்போது காது அடைத்தது. அவன் நோட்டீஸைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், எடுத்துக்கோ ரங்கம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். ஏன் விட்டான்? காசு இல்லாமலா? அந்த மாதம்தான் நாலு பள்ளிக்கூடத்துப் பணம் வந்தது என்று அவனே சொல்லியிருந்தான். சிரித்தானா? சிரித்த மாதிரி ஒரு ஞாபகம், சிரிக்காத மாதிரியும் ஒரு ஞாபகம். அதைக் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். பெட்டிக்குள் இருக்கிற முகத்தைப் போய்ப் பார்த்தால் தெரியுமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. எழுந்திருக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

எதிர்வீட்டுச் சுவரில், ஆள் மார்பு உயரத்துக்கு, பழுப்பாக ஒரு கோடு ஓடியது. வெள்ளம் வந்த வருஷத்துக் கோடு. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. ஜாபர்கான்பேட்டையில் இந்தத் தெருவில்தான் ஆறு உள்ளே வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, பிஸ்கட் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு, சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள மாட்டிக்கொள்ள வந்து சேர்ந்தார். தெய்வசிகாமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு குவியல். இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி இருந்தது. அத்தனையும் பேப்பர். இருபது வருஷத்துப் பேப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. அவன் ஒரு வெண்ணெய்க் கத்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரிக்கப் பார்த்தான். பிரிந்து வந்தது எல்லாம் கையில் கரைந்தது. வா ரங்கம், உக்காரு, தரை ஈரம் என்றான். பொன்னுரங்கம் உட்கார்ந்தார். அவரும் பிரித்தார். ஒரு கார்டின் மூலை வந்தது, ராஜாவின் தலை போட்ட தபால்தலை மட்டும் தனியாக மிதந்து வந்து அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. போகட்டும் சிகாமணி, உயிர் இருக்கில்ல என்று சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ ஒன்று எலி மாதிரி குறுகுறுவென்று ஓட ஆரம்பித்தது. மலேயாக் கார்டு அவனிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று. இனி நம்மிடம் மட்டும். காவலர் சீட்டு, இரண்டில் ஒன்று போயிற்று. அந்த அறிவிப்பு, அதுவும் போயிற்று. கூழில் கையை வைத்துக்கொண்டு அவர் வீட்டு பீரோவில் இருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாக விலை ஏற்றிக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் அப்படி? சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது என்று அப்புறம் பல நாள் தனக்குத்தானே வாதாடியிருக்கிறார். கணக்குத்தான், தொழில் புத்தி, பொறியாளன் மூளை அப்படி. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒரு பாட்டை முனகிக்கொண்டே வந்ததும், பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்ததும் பொய்யா? வீட்டுக்குள் நுழைந்ததும் வேதவல்லி, அவருக்கு எல்லாம் போச்சாங்க என்றாள். எல்லாம் போச்சு என்றார். பாவம் என்றாள். அவளுக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது.

அதற்குப் பிறகுதான் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் நடந்தது. விலை ஏற வேண்டும். பாயின் விதிப்படி பறந்திருக்க வேண்டும். பொன்னுரங்கம் மண்ணடிக்குப் போனார், பாய் கடைக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கண்ணில் புரை. சிகாமணி சார் வர்றதில்லையே என்றார். அவர் வரலைன்னா என்ன பாய், நான் இருக்கேன்ல என்றார் இவர். பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்க இருக்கீங்க சார், நீங்க விக்க வந்திருக்கீங்க, யாருக்கு விக்கிறது என்றார். அவ்வளவுதான். மறு ரம்ஜானுக்குள் கடை மூடிவிட்டது, அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அதற்கப்புறம் பெங்களூரில் பழம்பொருள் ஏலம் விடுகிற ஒரு கம்பெனிக்கு நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனார். கட்டை முடி வைத்த ஒரு சின்னப் பெண் கையுறை போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். முழுதும் படித்தாள். தமிழ்ப் பெண்தான். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி அதையே படித்தாள். ரொம்ப முக்கியமான பேப்பர் சார், ஏதாவது மியூசியத்துக்குக் குடுத்துடுங்க என்றாள். முக்கியம்னா, விலை என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இதைத் தேடுறவங்க யாரும் எங்க லிஸ்ட்ல இல்ல சார், காந்தி கையெழுத்துன்னா ஆள் இருக்கு, கூலிங்க நடந்து போனதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க என்றாள். ரயிலில் திரும்பி வரும்போது, ஜோலார்பேட்டை தாண்டி, ஒரு சுரங்கத்தில் நுழைந்த மாதிரி அது புரிந்தது. இத்தனை வருஷம் விலை என்று ஒன்று இருந்ததே, அது எங்கே இருந்தது? கடையில் இல்லை, சந்தையில் இல்லை, உலகத்தில் இல்லை. ஒரு மாடிப்படிக்குக் கீழே, டீ ஆறிக்கொண்டிருந்த இரண்டு டம்ளருக்கு நடுவில் இருந்தது. அவன் கேட்டதால் இவர் கேட்டார். இவர் கேட்டதால் அவன் கேட்டான். வெள்ளத்தில் அவன் பேப்பர் போனபோது தன் பேப்பர் அரிதாயிற்று என்றல்லவா பாட்டு முனகிக்கொண்டு வந்தார். அரிதாகிப்போனது அவன். உலகத்தில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்த ஆள். அவனும் இப்போது பெட்டிக்குள். பெட்டியின் மோட்டார் உர் உர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சு நின்றது.

அங்கிள் என்று தோளில் கை விழுந்தது. சுதாகர். மொட்டை போட்டுக்கொள்ளும் முன் பேண்ட்டைக் கழற்றி வேட்டிக்கு மாறியிருந்தான், வேட்டி கட்டிப் பழக்கமில்லாமல் இடுப்பில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா உள்ள கூப்பிடுறாங்க என்றான். போகும்போதே, ஒரு விஷயம் அங்கிள், வெள்ளத்துக்கப்புறம் அப்பாகிட்ட வந்து சேந்த பேப்பர் ஒரு பெட்டி இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க, இல்லேன்னா எடைக்குத்தான் போடணும், எனக்கு அது ஒண்ணும் தெரியாது என்றான். நல்ல பையன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எடைக்கு என்ற சொல் கல் மாதிரி உள்ளே போய் விழுந்தது. இதற்குத்தானே காலையில் வாய் நுரையோடு ஆசைப்பட்டது. இந்தா, எல்லாம் உனக்கே. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ருக்குமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு நடுவில் இருக்கிற முகம். பக்கத்தில் இருந்த பெண்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னாள். வாங்கண்ணா என்றாள். அவர் தரையில் உட்கார்ந்தார். தலையணைக்கு அடியிலிருந்து கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கே சொல்லிட்டாரு, நான் இல்லாட்டா ரங்கத்துகிட்ட குடுத்துடு, இருக்கறப்ப குடுக்காதன்னு. அவர் உறையைப் பார்த்தார். படிக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுத்தின் வார்ப்பு, தலைப்பைச் சுற்றிய கட்டம், கட்டத்தின் இடது மூலையில் அச்சு நசுங்கிய இடம்கூட அதேதான். நடந்து போகிறவர்களுக்கு. இவருடையதைவிட நிறம் நன்றாக இருந்தது. மடிப்பு ஒன்றுதான், இவருடையதில் மூன்று. இது எப்பம்மா என்றார், குரல் வேறு யாருடையதோ போல வந்தது. வெள்ளத்துக்கு மறு வருஷம்ணா. வியாசர்பாடில பர்மாலேர்ந்து வந்த ஒரு குடும்பம், இவருக்கு எல்லாம் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டு, வெச்சுக்குங்கன்னு குடுத்தாங்களாம். அப்ப எங்க நிலைமை உங்களுக்கே தெரியுமே, பட்டறையும் போயிடுச்சு. ஒருத்தர் போன்ல கேட்டாரு, யாரோ வெளிநாட்டுக்காரர், நல்ல ரூபாதான். நான்கூட குடுத்துடுங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு. இன்னொண்ணு இருக்குன்னு வெளிய தெரிஞ்சா ரங்கம் செத்துடுவான் ருக்கு, வீட்டுக்காரி நிலத்த வித்து வாங்குனது, அவன் இது ஒண்ணுதான் ஒலகத்துலன்னு நெனச்சுட்டு இருக்கான், நெனச்சுட்டே இருக்கட்டும்னாரு. சொல்லிவிட்டு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். நீங்க தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, என்னமோ அவரு அப்படித்தான். தப்பா என்னம்மா இருக்கு என்றார் பொன்னுரங்கம்.

கை உறையைப் பிடித்திருந்தது. கை மட்டும் தனியாக வேலை செய்தது, ஓரத்தைத் தடவி, மூலையைப் பார்த்து, கிழிசல் தேடியது. கிழிசல் இல்லை. அப்போதும் அந்த எலி ஓடியது. இதைக் கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போய் நாலாய்க் கிழித்துப் போட்டுவிட்டால் மறுபடியும் ஒன்றுதான். யாருக்கும் தெரியாது. இவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கேட்க மாட்டாள். மறுபடியும் உலகத்திலேயே ஒன்று. யாருக்கு? யாருக்கு ஒன்று? ஒரு வெளிநாட்டுக்காரன் கேட்டிருக்கிறான், நிஜமாகவே ஒருவன் இருந்திருக்கிறான், எங்கோ ஒரு நாட்டில், போன் செய்திருக்கிறான், அவன் யார், எந்த ஊர், எண் இருக்குமா? கேட்கலாமா? இந்த நேரத்தில், இந்த முகத்தைப் பார்த்து? கேட்க வாய் திறந்தது, மூடிக்கொண்டது. திறந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் பேரு ஏதாவது என்று கேட்டேவிட்டார். ருக்குமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அது எப்பவோண்ணா, இவரே அந்தாளத் திட்டி போன வெச்சிட்டாரு, இனிமே கேக்காதன்னு என்றாள். அவள் பார்வையில் ஒன்றும் இல்லை, வெறுப்புகூட இல்லை, களைப்புத்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வருஷமாக அவன் இதை வைத்துக்கொண்டு இவரோடு போனில் பேசியிருக்கிறான், உன் நோட்டீஸ் பத்திரமா வெச்சிருக்கியா ரங்கம் என்று விசாரித்திருக்கிறான், பூச்சி மருந்து வை, வெயில் படாம பாத்துக்கோ என்று சொல்லியிருக்கிறான். இவர் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். பொறாமைப்படட்டும் என்று சந்தோஷப்பட்டார். வேதவல்லி அந்தப் பக்கம் படியில் நண்டு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாள். இவன் இந்தப் பக்கம் பட்டறை போய், மூச்சு இளைத்து, தலையணைக்கு அடியில் இதை வைத்துக்கொண்டு இவருடைய பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். விழுந்தவனுக்காக நின்றுவிட்டான். அந்தத் தாளிலேயே வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறதே, படிக்கவில்லையா அவன்? சிகாமணி, நீ படிக்கவே இல்லையா? கண்ணில் ஒன்றும் வரவில்லை. இப்போதாவது அழுகை வந்தால் முதலில் துக்கம் வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், வரவில்லை.

சும்மா வாங்கிக்க மாட்டேம்மா என்றார். என்னண்ணா என்றாள். இத சும்மா வாங்கிக்க முடியாது, ஒரு வெல சொல்லுங்க. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே முதலில் புரியவில்லை. பிறகு சொல்லச் சொல்லப் புரிந்தது, பயந்துபோய் இன்னும் வேகமாகச் சொன்னார். இப்ப கைல இல்ல, வீட்டுக்குப் போய் ஏற்பாடு பண்றேன், பீரோல இருக்கறத ஏதாவது பண்ணி, நீங்க ஒரு வெல சொல்லுங்க, நீங்க சொல்றதுதான். யாராவது ஒருவர் ஒரு விலையைச் சொன்னால் போதும். விலை என்று ஒன்று உண்டு என்று இந்த உலகத்தில் ஒரு வாய் சொன்னால் போதும். வேதவல்லியின் மனை ஒரு விலைக்குத்தான் போயிற்று, காற்றில் போகவில்லை என்று ஆகும். விலையா, அவரு சும்மா குடுக்கச் சொன்னாருண்ணா என்றாள் அவள். சும்மான்னா வேணாம்மா, சும்மான்னா நான் எடுத்துக்க மாட்டேன். அவர் குரல் உயர்ந்துவிட்டது. தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் ஒரு கிழவர் விதவையிடம் பேரம் பேசுகிறார், அதுவும் கூட்டிக் கேட்கச் சொல்லிப் பேசுகிறார் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்காது. அவமானமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. தயவுசெஞ்சு சொல்லும்மா, என்ன வேணா சொல்லு. அந்த நேரத்தில் தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மகள் வந்துவிட்டாள். அப்பா என்று ஒரே ஒரு குரல் கேட்டது, அதைத் தொடர்ந்து வீடு முழுக்க ஓலம் எழுந்து பரவியது, சங்கு, சேகண்டி, நாற்காலிகள் நகர்கிற சத்தம். ருக்குமணியைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொன்னுரங்கம் உறையோடு சுவர் ஓரமாக நின்றார். கூடத்தில் பெட்டியைத் திறந்து, பெஞ்சில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் அறை வாசல் வரைக்கும் ஓடி வந்து அவர் காலை நனைத்தது. அவர் உறையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

துடைத்து, புது வேட்டி சுற்றி, திருநீறு பூசினார்கள். நெத்திக்காசு எங்கப்பா, குளிப்பாட்டறப்ப விழுந்துடுச்சு என்றார் சடங்கு செய்கிறவர். எல்லோரும் தரையில் தேடினார்கள், தண்ணீரோடு எங்கோ போயிருந்தது. ஒரு ரூபா காசு யார்கிட்டயாவது இருக்கா என்று கேட்டார். ஆண்கள் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்கள். இப்ப யாருங்க காசு வெச்சிருக்காங்க, எல்லாம் போன்லதானே என்றார் ஒருவர். சுதாகர் அம்மாவைப் பார்த்தான். ருக்குமணி மகளின் தோளில் சாய்ந்தபடி, கண்ணைத் திறக்காமல், ரங்கண்ணாகிட்ட கேளு, அந்தப் பேப்பருக்கு வெல குடுத்தாத்தான் எடுத்துப்பேன்னு நிக்கிறாரு, அவருகிட்ட வாங்கிக்க என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு வேலை முடியட்டும் என்று சொன்னாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டார். பஸ் டிக்கெட் வந்தது. அதோடு கண்டக்டர் கொடுத்த மிச்சம், ஒரு ரூபாய்.  ஒரு பொருள் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியதோ அதுதான் அதன் விலை. வாங்குகிறவனும் விற்கிறவளும் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டது. ஒரு ரூபாய், பீரோவில் இருப்பதற்கும் இனி அதுதான், இதற்கப்புறம் பேச்சில்லை. பெங்களூர்ப் பெண் வாய்விட்டுச் சொல்லாததை, பாய் சொல்லாததை, இவன் நாலு வருஷம் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததை, அவரே பையில் துழாவி எடுத்து நீட்டினார். சுதாகர் வாங்கி, வேட்டியில் துடைத்து, சந்தனத்தைத் தொட்டு அப்பாவின் நெற்றியில் வைத்து அழுத்தினான். ஒட்டிக்கொண்டது. யாரோ எடுங்கப்பா, நேரமாச்சு என்றார்கள். நாலு பேர் குனிந்தார்கள். பொன்னுரங்கம் கிட்டே போய் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவன் ஏதாவது விலை சொல்வான் என்று காத்திருப்பவரைப் போல, மண்ணடிக் கடையில் நிற்பது போல. அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.